நுரை ஒயின்

திராட்சைச் சாறு ஒயினாக மாறும்போது இரண்டு பொருள்கள் உண்டாகின்றன: ஆல்கஹால், கார்பன் டை ஆக்சைடு. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரி சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று இவ்விரண்டையும் ஏறத்தாழச் சம எடையில் வெளிவிடுகிறது. கணக்குப்படி, 180 கிராம் சர்க்கரை நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் கிடைக்க வேண்டும். நன்றாகப் பழுத்த திராட்சையின் சாறு ஒரு லிட்டர் முழுதாக நொதித்து முடிவதற்குள் 40 லிட்டருக்கும் மேல் வாயு வெளியேறிவிடும். கள்ளுப் பானையின் விளிம்புவரை நுரை ததும்புவதும் இதே வாயுவால்தான்.

சாதாரண ஒயின் செய்யும்போது இந்த வாயு அத்தனையும் காற்றோடு கலந்துவிடுகிறது. அதில் ஒரு சிறு பங்கைப் போகவிடாமல் பிடித்துவைத்தால் அதுவே நுரை ஒயின். எந்தக் கட்டத்தில் மூடுவது, எதற்குள் அடைப்பது என்பவை இதில் எழும் இரண்டு கேள்விகள். உலகின் நுரை ஒயின் வகைகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் அந்தந்த ஊர்க்காரர்கள் கண்ட விடைகள்.

குறையாகப் பார்க்கப்பட்ட குமிழி

பாரிஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரம். ரான்ஸ், எப்பர்னே ஆகியவை அதன் முக்கிய நகரங்கள். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். திராட்சைக்கொடி தாக்குப்பிடிக்கும் குளிரின் எல்லைக்கு அருகில் அமைந்த நிலம் அது. முன்பெல்லாம் அங்கே அறுவடை முடியவே இலையுதிர்காலம் பாதி கழிந்துவிடும். மிடாவில் ஊற்றிய சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே கடுங்குளிர் வந்துவிட, ஈஸ்ட் உறங்கிப்போகும். ஒயின் தயாராகிவிட்டதென்று நினைத்துப் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். வசந்தகாலத்தில் வெயில் ஏறியதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மீதிச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். வாயு வெளியேற வழியிருக்காது. பாட்டில் வெடிக்கும், வெடித்த சில்லு பட்டுப் பக்கத்துப் பாட்டிலும் வெடிக்கும். நிலவறையில் வேலை செய்தவர்கள் முகத்தில் இரும்புக் கவசம் அணிந்து இறங்கிய காலம் உண்டு.

ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோன் என்ற துறவி என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் 1668இல் ஓவில்லே மடத்தின் நிலவறைப் பொறுப்பை ஏற்று, 1715இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். குமிழியை உண்டாக்குவதைவிட அதைத் தவிர்ப்பதிலேயே அவருடைய கவனம் இருந்தது. அன்றைய கணக்கில் நுரைப்பது ஒயினின் குறை. பல தோட்டங்களின் திராட்சையைப் பதம் பார்த்துக் கலப்பதிலும், கறுப்புத் திராட்சையிலிருந்து நிறமேறாத சாற்றைப் பிழிவதிலும் அவர் காட்டிய தேர்ச்சிதான் வரலாற்றில் நிற்பது.

நுரையை விரும்பிக் குடித்தவர்களில் முன்னோடிகள் ஆங்கிலேயர்கள். ஒயினில் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்த்து அதை நுரைக்கவைக்கும் வழக்கம் இங்கிலாந்து வணிகர்களிடம் இருந்ததை, கிறிஸ்டோபர் மெரட் 1662இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரையில் பதிவுசெய்தார். அவர்களுக்கு அது கைகூடியதற்குக் காரணம் கண்ணாடி. கப்பல் கட்ட மரம் வேண்டுமென்பதால், கண்ணாடி உலைகளில் விறகு எரிப்பதை 1615இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் தடைசெய்தார். உலைகள் நிலக்கரிக்கு மாறின. கூடுதல் வெப்பத்தில் உருகிய கண்ணாடி தடித்த, இருண்ட நிறமுள்ள, வலுவான பாட்டில்களாக வந்தது. விறகு உலையில் செய்த பிரெஞ்சுப் பாட்டில் தாங்காத அழுத்தத்தை அது தாங்கியது.

பிரான்சில் ஒயினைப் பீப்பாயில் மட்டுமே அனுப்பலாம் என்ற விதி தளர்ந்து, ஷாம்பெயின் ஒயினைப் பாட்டிலில் அனுப்ப 1728இல் அரச ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டே ருயினார் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆனாலும் எவ்வளவு சர்க்கரை போட்டால் எவ்வளவு அழுத்தம் வரும் என்பது யாருக்கும் தெரியாமலிருந்தது. ஷாலோன் நகரத்து மருந்தாளுநர் ழான்-பாப்டிஸ்ட் பிரான்சுவா 1830களில் அதற்கு அளவிடும் முறை ஒன்றை வகுத்த பிறகுதான் பாட்டில் வெடிப்பது பெருமளவு குறைந்தது. தக்கை பறந்துவிடாமல் கம்பியால் கட்டும் முறைக்கு 1844இல் அடோல்ஃப் ஜாக்கெசோன் காப்புரிமை பெற்றார். நொதித்தல் உயிருள்ள ஈஸ்டின் செயல் என்பதை லூயி பாஸ்டர் நிறுவியது அதற்கும் பின்னால். கைப்பக்குவமும் அளவும் முதலில் வந்தன; காரணம் கடைசியாக விளங்கியது.

சுண்ணாம்பு நிலமும் புளித்த பழமும்

ஷாம்பெயின் வட்டாரத்தில் ஏறத்தாழ 34,000 ஹெக்டேரில் கொடி பயிராகிறது. மேல்மண்ணுக்கு அடியில் பெரும்பகுதி சீமைச் சுண்ணாம்புப் பாறை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் நுண்ணுயிரிகள் விட்டுச்சென்ற ஓடுகள் படிந்து உருவானது அது. ஒரு கன மீட்டர் பாறை 300 முதல் 400 லிட்டர் தண்ணீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வேரடியில் நீர் தேங்காது. வறண்ட கோடையில் வேருக்கு ஈரம் குறையாது.

பயிராவது பெரும்பாலும் மூன்று வகைத் திராட்சை. பினோ நுவாரும் மொனியேயும் கறுப்பு, ஷார்டனே வெள்ளை. குளிரில் மெல்லப் பழுப்பதால் பழத்தில் இனிப்பு குறைவாகவும் புளிப்பு தூக்கலாகவும் இருக்கும். சாதாரண ஒயினுக்கு அது சிக்கல். நுரை ஒயினுக்கோ அதுவே தேவை. இரண்டாம் முறை நொதிக்கும்போது ஆல்கஹால் மேலும் ஏறும் என்பதால் முதல் ஒயின் மிதமாக இருக்க வேண்டும். புளிப்பு இல்லாவிட்டால் நுரைக்கும் பானம் நாக்கில் சப்பென்று உட்காரும்.

அங்கே குலைகளைக் கையால்தான் அறுக்க வேண்டும் என்பது விதி. கறுப்புத் திராட்சையின் நிறம் தோலில்தான் இருக்கிறது. சதையும் சாறும் வெளிறியவை. பழம் நசுங்காமல் ஆலைக்கு வந்தால், தோலின் சாயம் இறங்குமுன் சாற்றைப் பிரித்துவிடலாம். எவ்வளவு பிழியலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே எடுக்கலாம். அதில் முதலில் வடியும் 2,050 லிட்டர்தான் தரமானது. அடுத்து வரும் 500 லிட்டரில் சாயமும் துவர்ப்பும் கூடுதல்.

பாட்டிலுக்குள் இரண்டாம் நொதிப்பு

பிழிந்த சாறு முதலில் தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ வழக்கம்போல் நொதித்து நுரையில்லாத ஒயினாகிறது. கூரிய புளிப்புள்ள இந்த ஒயினைத் தனியாகக் குடிப்பது கடினம். அடுத்தது கலப்பு. வெவ்வேறு ஊர்த் தோட்டங்களின் ஒயின்களும், முந்தைய ஆண்டுகளிலிருந்து எடுத்துவைத்த ஒயின்களும் சேர்கின்றன. பருவம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஊரில் சுவை மாறாமலிருக்க இதுதான் வழி. ஷாம்பெயின் பாட்டில்கள் பலவற்றில் ஆண்டு குறிப்பிடப்படாததும் இதனால்தான். சிறப்பாக விளைந்த ஆண்டின் திராட்சையை மட்டும் கொண்டு செய்தவற்றில் அந்த ஆண்டைப் பொறிப்பார்கள்.

கலந்த ஒயினில் லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் புது ஈஸ்டும் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றுகிறார்கள். சோடா, பீர் பாட்டில்களுக்குப் போடும் அதே உலோக மூடியால் அடைத்துக் குளிர்ந்த நிலவறையில் படுக்கவைக்கிறார்கள். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். ஆறு முதல் எட்டு வாரங்களில் 24 கிராமும் தீர்ந்து, உள்ளே 6 வளிமண்டல அழுத்தம் சேர்கிறது. கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் மூன்று மடங்கு. அதைத் தாங்கவே ஷாம்பெயின் பாட்டில் காலியாக இருக்கும்போதே 835 கிராம் கனக்கிறது. ஆல்கஹாலும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறி 12 சதவீதத்தை எட்டுகிறது.

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்துப் பாட்டிலின் பக்கவாட்டில் மண்டியாகப் படிகிறது. பல மாதங்களில் அதன் செல்கள் தம் நொதிகளாலேயே சிதைந்து, புரதங்களையும் அமினோ அமிலங்களையும் ஒயினில் கசியவிடுகின்றன. நல்ல ஷாம்பெயினில் வரும் வாட்டிய ரொட்டி மணம் இப்படி வருவது. நுரை சட்டென்று அடங்கிவிடாமல் நிற்பதற்கும் இந்தப் புரதங்கள் துணைசெய்கின்றன. ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயின் குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் இருக்க வேண்டும்; அதில் 12 மாதங்கள் மண்டியோடு. ஆண்டு பொறித்தவற்றுக்கு 3 ஆண்டுகள். ரான்ஸ் நகருக்கு அடியில் முற்காலத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்த குழிகள் இதற்கு வாய்ப்பாக அமைந்தன. அங்கே கோடையிலும் குளிர்காலத்திலும் வெப்பநிலை 10 முதல் 12 டிகிரிக்குள் நிற்கும். இந்த நிலவறைகளும் மலைச்சரிவுத் தோட்டங்களும் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

இனி இருப்பது மிகச் சங்கடமான வேலை: வாயு போகாமல் மண்டியை மட்டும் வெளியேற்றுவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு வழிகண்டது ஒரு விதவையின் நிறுவனம். பார்ப்-நிக்கோல் கிளிக்கோ 1805இல் 27 வயதில் கணவரை இழந்து தொழிலை ஏற்றவர். துளையிட்ட மேசையில் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி, அவ்வப்போது திருப்பி, மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவரும் முறை அவருடைய நிலவறையில் உருவானது. பின்னால் அந்த மேசை, கூடாரம்போல் சாய்த்து நிறுத்திய இரட்டைப் பலகையாக மாறியது. பாட்டில் முதலில் கிட்டத்தட்டப் படுத்தபடி துளையில் நிற்கும். பணியாள் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பாட்டிலின் அடியைப் பிடித்து, லேசாக உலுக்கி, எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்பி, அடியை ஒரு துளி உயர்த்தி விடுவார். அடிப்பாகத்தில் வெள்ளைச் சுண்ணத்தால் இட்ட கோடு எவ்வளவு திரும்பியது என்பதைக் காட்டும். ஒன்றரை மாதத்தில் பாட்டில் செங்குத்தாகத் தலைகீழாகிவிடும். மண்டி முழுதும் மூடியின் மேல் குவிந்திருக்கும். பழகிய கை ஒரு நாளில் பல்லாயிரம் பாட்டில்களைத் திருப்பும். 1970களிலிருந்து இயந்திரக் கூண்டுகள் பரவின. அவை சுமார் 500 பாட்டில்களை ஒன்றாகப் பிடித்து, இரவும் பகலும் திருப்பி, ஒரே வாரத்தில் முடித்துவிடுகின்றன.

தலைகீழான பாட்டிலின் கழுத்தை மட்டும் சுமார் மைனஸ் 27 டிகிரியிலுள்ள உப்புக்கரைசலில் முக்குகிறார்கள். மண்டியும் அதையொட்டிய ஒயினும் உறைந்து சிறு பனிக்கட்டியாகின்றன. நிமிர்த்தி மூடியைக் கழற்றியதும் உள்ளழுத்தமே கட்டியை வெளியே எறிகிறது. சிதறுவது கொஞ்சம் ஒயின்தான். குறைந்த இடத்தை, சர்க்கரை கலந்த ஒயினால் நிரப்புகிறார்கள். பாட்டிலில் காணும் பெயர்கள் இந்தச் சர்க்கரையின் அளவைக் குறிப்பவை. லிட்டருக்கு 12 கிராமுக்குள் என்றால் ‘புரூட்’. 12 முதல் 17 கிராம்வரை ‘எக்ஸ்ட்ரா டிரை’. பெயர் எதைச் சொன்னாலும் அது புரூட்டைவிட இனிப்பு. 32 முதல் 50 கிராம்வரை ‘டெமி-செக்’. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா குடித்தது பெரும்பாலும் பாகுபோல் இனித்த ஷாம்பெயின். ஆங்கிலேயரின் நாக்குக்கேற்ப லூயிஸ் பொம்மெரி 1874இல் செய்த புரூட், பின்னாளில் பொது வழக்கமாயிற்று.

கடைசியில் அடைக்கும் தக்கை 31 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை. அதை 18 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கிக் கழுத்தில் பாதி செருகுகிறார்கள். வெளியே நிற்கும் பாதி மேலிருந்து அழுத்தப்பட்டுப் பரந்துவிடுகிறது. திறக்கும்போது தெரியும் காளான் வடிவம் அப்படி உண்டானது.

பெரிய பாத்திரத்தில் அடைத்தால்

பாட்டிலுக்குள் செய்வது ஆண்டுக்கணக்கில் இடத்தையும் பணத்தையும் முடக்கும். இத்தாலியின் பெதெரிகோ மார்தினோத்தி 1895இல் வேறொரு வழிக்குக் காப்புரிமை பெற்றார்: இரண்டாம் நொதிப்பை அழுத்தம் தாங்கும் பெரிய தொட்டியில் நடத்துவது. 1907இல் பிரான்சின் யூஜின் ஷார்மா அதை மேம்படுத்தினார். நொதித்த ஒயினைக் குளிர்வித்து, அழுத்தம் குறையாமலே வடிகட்டிப் பாட்டிலில் அடைத்துவிடலாம். திருப்பவும் வேண்டாம், உறையவைக்கவும் வேண்டாம்.

வடகிழக்கு இத்தாலியின் புரோசெக்கோ இம்முறையில் செய்யப்படுவது. கிளேரா என்னும் வெள்ளைத் திராட்சையில் பேரிக்காய், வெண்பூ போன்ற மென்மணங்கள் உண்டு. மண்டியோடு நெடுநாள் கிடந்தால் ரொட்டி மணம் அவற்றை அமுக்கிவிடும். வாரக்கணக்கில் முடியும் தொட்டி முறை அதற்குப் பொருந்திப்போனது. இன்று ஆண்டுக்கு 60 கோடிப் பாட்டில்களுக்கு மேல் புரோசெக்கோ தயாராகிறது. ஷாம்பெயின் 30 கோடி அளவில்தான்.

வடமேற்கு இத்தாலியின் ஆஸ்தி வட்டாரத்தில் நொதிப்பு ஒரே முறைதான். மொஸ்காதோ திராட்சைச் சாற்றை உறைநிலைக்கு அருகில் பாதுகாத்து, வேண்டும்போது மூடிய தொட்டியில் நொதிக்கவைக்கிறார்கள். ஆல்கஹால் 7 சதவீதம் வந்ததும் குளிர்வித்து, வடிகட்டி, ஈஸ்டை நீக்கிவிடுகிறார்கள். பாதிச் சர்க்கரை தின்னப்படாமலே மிஞ்சுவதால் ஆஸ்தி இனிக்கும். அதன் பூமணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன்கள் என்னும் மணப்பொருள்கள். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையும் மொஸ்காதோவின் குடும்பம்தான். ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்று வகைப்படுத்தப்படும் அது, அலெக்சாந்திரியா மஸ்கட்டின் வாரிசு. அலெக்சாந்திரியா மஸ்கட்டோ ஆஸ்தியின் மொஸ்காதோவுக்குப் பிறந்தது. பன்னீர் என்ற பெயருக்குக் காரணமான மணம் பாட்டி வழி வந்தது எனலாம்.

இவற்றினும் பழையது, முதல் நொதிப்பு முடியுமுன்னே பாட்டிலில் அடைத்து, மீதியை உள்ளேயே முடியவிடுவது. ஷாம்பெயினில் தற்செயலாக நிகழ்ந்ததைத் திட்டமிட்டுச் செய்வதுதான் இது. தெற்குப் பிரான்சின் லிமுவில் இது இன்றும் வழக்கத்தில் உள்ளது. மண்டியை நீக்காமல் விடுபவர்களும் உண்டு. அந்த ஒயின் கலங்கலாக இருக்கும். எல்லாவற்றிலும் மலிவான வழி, சோடாவில் செய்வதுபோல் வாயுவை வெளியிலிருந்து செலுத்துவது.

பிற ஊர்களும் பெயர்ச் சண்டையும்

ஷாம்பெயின் முறை அந்த வட்டாரத்தோடு நிற்கவில்லை. கிளிக்கோ நிறுவனத்தில் வேலைபார்த்த கேயோர்க் கெஸ்லர் 1826இல் ஜெர்மனியின் எஸ்லிங்கனில் தொழில் தொடங்கினார். ஜெர்மானியர் நுரை ஒயினை ‘செக்ட்’ என்பார்கள். கடற்படைக்குப் பணம் திரட்ட 1902இல் அதன்மேல் போட்ட வரி, இடையில் சில ஆண்டுகள் தவிர, அந்தக் கடற்படை போன பின்னும் இன்றுவரை வசூலாகிறது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் கொதோர்னியு குடும்பத்தின் ஜோசப் ரவெந்தோஸ் 1872இல் உள்ளூர்த் திராட்சையைக் கொண்டு இதே முறையில் செய்தார். மக்கபேயோ, சரெல்லோ, பரெயாதா ஆகியவை அங்கே முதன்மையானவை. நிலவறையைக் குறிக்கும் ‘காவா’ என்ற சொல்லே அந்த ஒயினுக்குப் பெயரானது. தென் இங்கிலாந்தின் குன்றுகளுக்கு அடியில் ஓடுவதும் ஷாம்பெயினில் உள்ளது போன்ற சீமைச் சுண்ணாம்புதான். 1980களின் இறுதியிலிருந்து அங்கும் அதே திராட்சை வகைகளைப் பயிரிட்டு நுரை ஒயின் செய்கிறார்கள்.

இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் நாராயண்காவில் 1980களில் பாட்டில் நொதிப்பு முறையில் நுரை ஒயின் வெளிவந்தது. இன்று மையம் நாசிக். கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள அங்கே அறுவடை நடப்பது குளிர்காலத்தை ஒட்டி. வெப்பநாட்டில் புளிப்பு சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால், இரவுக் குளிரை நம்பி, முழுதாகப் பழுக்குமுன்னே அறுக்கிறார்கள். ஷெனின் பிளாங் அங்கே அதிகம் பயன்படும் வகை.

முறை பரவியபோது பெயரும் பரவியது, அது சண்டையானது. வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்று விற்ற நிறுவனங்களுக்கு எதிராக 1911இல் கொடி வளர்ப்போர் கிளர்ந்தெழுந்து, மார்ன் ஆற்றையொட்டிய ஊர்களில் நிலவறைகளைச் சூறையாடினார்கள். எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்று எல்லை வரைந்த சட்டம் 1927இல் வந்தது. இன்று ஐரோப்பாவில் அந்த எல்லைக்குள் விளைந்து, அங்கேயே செய்ததை மட்டும்தான் ஷாம்பெயின் என்று விற்கலாம். சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்ற பெயரிலேயே ஒரு சிற்றூர் உண்டு. 2004இலிருந்து தன் ஊர்ப்பெயரைத் தன் ஒயினில் போட அதற்கும் அனுமதியில்லை.

கோப்பையில்

ஒரு ஷாம்பெயின் பாட்டிலில் கரைந்திருப்பது சுமார் 9 கிராம் வாயு. விடுவித்தால் 5 லிட்டர் இடத்தை அடைக்கும். மூடியிருக்கும்வரை அழுத்தம் அதைக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. தக்கை விலகியதும் கழுத்திலுள்ள வாயு நொடிப்பொழுதில் விரிந்து, அதன் வெப்பநிலை மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. கழுத்தில் எழும் வெண்புகை, அந்தக் குளிரில் உறைந்த ஈரம். தக்கை மணிக்கு 50 கிலோமீட்டர் அளவு வேகத்தில் பாயக்கூடியது. கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அதனால் நன்றாகக் குளிரவைத்து, தக்கையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, பாட்டிலை மெல்லத் திருப்பித் திறப்பதே முறை. குளிர்ந்த திரவம் வாயுவை இறுகப் பிடித்திருக்கும். வெதுவெதுப்பான பாட்டில் சீறும்.

கோப்பையில் ஊற்றியதும் குமிழிகள் தாமாகப் பிறந்துவிடுவதில்லை. ரான்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் இதை அதிவேகக் கேமராவால் ஆராய்ந்தவர். கோப்பையைத் துடைத்த துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ ஒட்டிய மெல்லிய நார்கள்தான் குமிழியின் பிறப்பிடம். நாரின் குழலுக்குள் சிக்கிய துளிக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வந்து சேர்கிறது. அது பெருத்து, பிய்ந்து, குமிழியாகக் கிளம்புகிறது. மேலேறும்போது வழியிலுள்ள வாயுவையும் சேர்த்துக்கொண்டு பருத்து, வேகமெடுக்கிறது. சரம் சரமாக எழும் குமிழிகளில் மேலே போகப்போக இடைவெளி கூடுவது இதனால்தான். துளி அழுக்கோ நாரோ கீறலோ இல்லாத கோப்பையில் ஷாம்பெயின் அசைவற்று நிற்கும். சில கோப்பைகளின் அடியில் லேசரால் நுண்கீறல் போட்டு விற்பது அதற்காகவே. மேற்பரப்பில் உடையும் ஒவ்வொரு குமிழியும் நுண்துளிகளைத் தெறிக்கவிடுகிறது. ஒயினின் மணப்பொருள்கள் அவற்றோடு மூக்கை எட்டுகின்றன. ஒரு கோப்பையில் இப்படி உடையும் குமிழிகள் பத்து லட்சம் அளவில் இருக்கும் என்பது லிஜே-பெலேரின் மதிப்பீடு. அவை அடங்கிய பின் கோப்பையில் மிஞ்சுவது புளிப்பு தூக்கலான வெறும் ஒயின்.